கதவுக்குப் பின்னால் நின்ற மாமனார்

குடும்பச் சண்டையைத் தீர்ப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது என்பதே எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அதுவரை எங்கள் ஊரில் எந்தக் குடும்பச் சண்டையும் தீர்ந்து நான் பார்த்ததில்லை. தீரவேண்டும் என்று யாரும் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. கிணறு, தோட்டம் மாதிரி அதுவும் ஒரு பிதிரார்ஜிதச் சொத்து. அப்பன் விட்ட இடத்திலிருந்து மகன் எடுத்து நடத்துவான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போய் முழுசாகத் திரும்பி வந்தவன் நான் ஒருவன்தான். படித்தவனை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாததால், திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். கிராமத்தை முன்னேற்ற ஆள் தயார் பண்ணும் இடம். கிராமத்து ஆட்களையே பிடித்துக் கொண்டுபோய், சில மாதம் ஊரை விட்டுத் தள்ளி வைத்து, கிராமம் என்றால் என்ன என்று பாடம் நடத்தித் திருப்பி அனுப்புவார்கள். நாங்களும் ஆச்சரியப்பட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அங்கே குடும்ப நலம் எடுத்தவர் சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மையார். ஒரு வருஷம் வெளிநாட்டில் படித்தவர். பேசிப் பேசி எந்தக் குடும்பமும் திருந்தியதில்லை, எழுந்து நின்று செய்து பார்த்தால்தான் ஒருவர் மனசு ஒருவருக்குப் புரியும் என்பது அவர் கட்சி. அதற்குச் சில வழிகள் சொன்னார். முதலாவது, சிலை. வீட்டில் ஒருவர் மற்றவர்களையெல்லாம் தோளைப் பிடித்து நிறுத்தி, யார் யாருக்கு அருகில், யார் யாருக்கு முதுகு காட்டுகிறார் என்று சிலை மாதிரி அமைத்துக் காட்ட வேண்டும். அடுத்தது, இடம் மாற்றிக்கொள்வது. மகன் அப்பனாகி அப்பன் பேசுகிற பேச்சைப் பேச வேண்டும், அப்பன் மகனாகிப் பதில் சொல்ல வேண்டும். பேச வேண்டிய ஆள் முன்னால் வர மறுத்தால் காலி நாற்காலி ஒன்றைப் போட்டு அதனிடம் பேசலாம்.

வகுப்பில் தினமும் ஒரு குடும்பம் நடத்தினோம். பழனிப் பக்கத்து ஆள் ஒருவர், கடா மீசைக்காரர், எப்போதும் மருமகள் வேஷத்துக்கே கை தூக்குவார். "ஏனுங்க மாமா, சோறு போடட்டுங்களா" என்று அவர் தலை குனிந்து கேட்டால் எங்களுக்கே பயமாக இருக்கும். திண்டுக்கல் டவுனிலிருந்து வந்த வாத்தியார் மகன் ஒருவர் மாதா கோயில் பாஸ்கா நாடகத்தில் வருஷா வருஷம் ரோமச் சிப்பாயாக நின்றவர். அவருக்கு மாமியார் வேஷம் கொடுத்தாலும் ஈட்டி பிடித்த மாதிரியேதான் நிற்பார். இப்படியாகக் கற்பனைக் குடும்பங்கள் எத்தனையோ எங்கள் கையால் திருந்தின.

நான் இதை முழுசாக நம்பினேன். இப்போதும் நம்புகிறேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. மேற்கொண்டு படித்தால் அப்படித் தெரியாது.

பயிற்சி முடியும் தறுவாயில், ஒவ்வொருவரும் நிஜமான ஒரு குடும்பத்தில் இதைச் செய்து பார்த்துவிட்டு வந்து வகுப்பில் சொல்ல வேண்டும் என்றார் அம்மையார். நான் எங்கள் குடும்பத்தையே எடுத்துக்கொண்டேன். அடுத்த வீட்டுக்குப் போய் "உங்கள் சண்டையை நடித்துக் காட்டுங்கள்" என்று சொன்னால், முதலில் என்னை நிறுத்திச் சிலையாக்கிவிடுவார்கள். தவிர, சண்டைக்காக வெளியே அலையும்படியான வறுமை எங்கள் வீட்டில் இல்லை.

எங்கள் கிராமம் ரெட்டியார்சத்திரத்துக்கு மேற்கே. ஒரு கிணறும் அதை நம்பி ஒரு கத்தரித் தோட்டமும். அய்யா கமலையில் மாடு ஓட்டித் தண்ணீர் இறைப்பார். அண்ணன் பாத்தியில் மண்வெட்டியோடு நின்று மடை திருப்புவார். அந்த வருஷம் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கரண்டுக் கம்பி வந்துவிட்டது. அண்ணன் அய்யாவைக் கேட்காமல் ரெட்டியார்சத்திரம் போய், நம் கிணற்றுக்கும் மோட்டார் போட என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்துவிட்டு வந்தார். அது அய்யாவுக்கு டீக்கடையில் தெரிந்தது. வீட்டில் தெரிந்திருந்தால் ஒரு சத்தத்தோடு போயிருக்கும். டீக்கடையில் தெரிந்ததால் அது மானப் பிரச்சினை. வீட்டுக்கு ரெண்டு தலையா என்று அய்யா கேட்டார். அப்படியானால் ஒரு தலை தனியாகப் போகட்டும் என்றார் அண்ணன். பொங்கலுக்குத் தனி உலை வைப்பது என்று முடிவாயிற்று.

அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை. பேசுவதில்லை என்றால், ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. இருவரும் செவலையோடு பேசினார்கள். செவலை எங்கள் கமலை மாட்டில் வலத்துக்காளை.

"கிழக்குப் பாத்தி நெறஞ்சு வழியுது, மடையத் திருப்பாம பராக்குப் பாக்குறவனப் பாத்தியா செவலை" என்பார் அய்யா, வடத்தின் மேல் உட்கார்ந்தபடி.

அண்ணன் பாத்தியிலிருந்து நிமிராமலே, "கரண்டு மோட்டார் இருந்தா நீயும் செத்த நேரம் படுத்துக் கெடப்ப. உனக்குக் குடுத்து வைக்கல, செவலை" என்பார்.

இரு தரப்பையும் செவலை ஒரே முகத்தோடு கேட்டுக்கொள்ளும். யார் பக்கமும் சாயாது. அவ்வப்போது தலையை ஆட்டும். தண்ணீர் பாய்ச்சுவதிலிருந்து வெஞ்சனத்தில் உப்புக் குறைந்தது வரை அந்த வீட்டின் காரியம் அத்தனையும் அதன் காது வழியாகத்தான் நடந்தது. அதை யாரும் எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் அனுப்பியிருக்கவில்லை.

இதெல்லாம் சகித்துக்கொள்ளக் கூடியதுதான். சகிக்க முடியாமல் போனது அடுப்பு. அண்ணன் சொல்லி, மதினி கொல்லைப்பக்கம் களிமண்ணும் வைக்கோலும் மிதித்து ஒரு புது அடுப்பு போட்டிருந்தாள். அது வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஆத்தா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பாம்பு கிடக்கிற மாதிரி விலகிப் போவாள். மாட்டுக்கொட்டத்தை ஒட்டித் தனிச் சமையல்கட்டு எடுக்கக் கொத்தனாரும் வந்து அளந்துவிட்டுப் போயிருந்தார். பொங்கலன்று அந்த அடுப்பில் தீ மூட்டிவிட்டால் பிறகு சேர்வது கிடையாது. எங்கள் பக்கம் பிரிந்த உலையை மறுபடி ஒன்றாக்கிய குடும்பம் எதுவும் என் காதுக்கு எட்டியதில்லை.

அடுப்பு போட விருப்பமா என்று மதினியை யாரும் கேட்கவில்லை. அவளை எதையுமே யாரும் கேட்டதில்லை. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் அய்யா முன்னால் உட்கார்ந்ததில்லை, அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதுமில்லை. மாமனாருக்கு மருமகள் காட்டும் மரியாதை அது. சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். சோறு ஆகிவிட்டது என்று சொல்ல வேண்டுமானால் வளையலைக் குலுக்குவாள், இல்லாவிட்டால் செம்பைத் தரையில் டொக்கென்று வைப்பாள். அய்யாவுக்குப் பசி என்றால் அவர் இருமுவார். அந்த வீட்டில் மிக ஒழுங்காக நடந்துவந்த பேச்சுவார்த்தை இது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல் எல்லாரையும் முன்கட்டில் கூட்டினேன். அய்யாவிடம் இது சர்க்கார் காரியம், செய்யாவிட்டால் எனக்கு உத்தியோகம் கிடைக்காது என்று சொல்லியிருந்தேன். சர்க்கார் என்றால் கடைசியில் ஏதாவது மானியம் இருக்கும் என்று அவரே மனசுக்குள் சேர்த்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை. அண்ணன் வந்ததற்குக் காரணம், அய்யா வருகிறார் என்று தெரிந்தும் தான் வராமலிருந்தால் பயந்துவிட்டதாக ஆகும் என்பதுதான்.

முதலில் சிலை. அண்ணனிடம், இந்தக் குடும்பம் உங்கள் மனசில் எப்படி இருக்கிறதோ அப்படி ஒவ்வொருவரையும் பிடித்து நிறுத்துங்கள் என்றேன். அவர் ஆத்தாவைக் கொண்டுபோய் நடுவில் நிறுத்தினார். பிறகு அய்யாவின் அருகில் போய், கையைத் தூக்கி, எங்கே தொடுவது என்று தெரியாமல் நின்றார். பெற்ற தகப்பன் தோளில் கை வைத்து அப்படி நில், இப்படித் திரும்பு என்று எந்த மகன் செய்திருக்கிறான்? எங்கள் ஊரில் ஓர் ஆளைப் பிள்ளைகள் சுற்றி நின்று கை காலைப் பிடித்து நேராக்குவது ஒரே ஒரு தடவைதான். அப்போது அந்த ஆள் ஆட்சேபிக்க மாட்டார்.

அய்யாவுக்கும் அதே ஞாபகம் வந்திருக்க வேண்டும். "எந்தப் பக்கம் தலை வைக்கணும், தெக்கயா?" என்று என்னைக் கேட்டார். "நான் செத்ததுக்கப்புறம் தொட்டு நிறுத்துங்கடா. இப்ப நானே நிப்பேன்."

ஆத்தா, வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று அழ ஆரம்பித்தாள். சிலை அத்தோடு கலைந்தது. வகுப்பில் இந்தக் கட்டத்தில் குடும்பத்தார் ஒருவரையொருவர் புதிய கண்ணோடு பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பதறாமல் அடுத்ததற்குப் போனேன். அய்யா அண்ணனாக வேண்டும், அண்ணன் அய்யாவாக வேண்டும். இதற்கு மட்டும் இருவரும் சிரத்தையோடு தயாரானார்கள். அதைப் பார்த்தே நான் சுதாரித்திருக்க வேண்டும். அய்யா துண்டை எடுத்துத் தலையில் அண்ணன் மாதிரி சாய்த்துக் கட்டினார். பிடரியைச் சொறிந்துகொண்டு, "மோட்டாரு... மோட்டாரு..." என்று கனவில் முனகுகிற மாதிரி முன்கட்டை ஒரு சுற்று வந்தார். அண்ணன் அய்யாவின் கயிற்றுக் கட்டிலில் ஏறி ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, தொண்டையை மூன்று விதமாகச் செருமி, "எங்க அப்பன் காலத்துல கரண்டா இருந்துச்சு? கரண்டு இல்லாமயே அவரு சாகல?" என்று அய்யாவின் குரலிலேயே கேட்டார். இத்தனை வருஷமாக ஒருவரை ஒருவர் எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்பில்லாமல் அந்த அளவுக்குப் பார்க்க முடியாது என்று அம்மையார் சொல்லியிருப்பார். அவர் அங்கே இல்லாததால் அவருக்கு அடி விழும் அபாயமும் இல்லை.

செத்த நேரத்தில் நடிப்பு எது, நிஜம் எது என்று பிரித்துப் பார்க்க வழியில்லாமல் போயிற்று. அண்ணன் கட்டிலை விட்டு எழுந்து, இனிமேல் பொங்கல் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, நாளைக்கே அடுப்பைப் பற்றவைக்கிறேன் என்று ஆத்தாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மாட்டுக்கொட்டத்துக்குப் போய்விட்டார். கொட்டத்துக்கும் முன்கட்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். அவர் செவலைக்கு மறுபுறம் நிற்பது எங்களுக்குத் தெரிந்தது.

பொங்கலுக்கு என்றிருந்த பிரிவினையை என் படிப்பு நாளைக்கே கொண்டுவந்துவிட்டது. முன்னேற்றம் என்பது இதுதான்போல.

அய்யா ஜெயித்த களிப்பில் இருந்தார். "அம்புட்டுத்தானா சர்க்கார் காரியம்?" என்று கேட்டார்.

நான் என்ன நினைத்துச் சொன்னேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. இன்னும் ஒரு ஜோடி பாக்கி இருக்கிறது என்றேன். நீங்கள் மதினி நிற்கிற இடத்தில் நிற்க வேண்டும், மதினி உங்கள் இடத்தில் உட்கார வேண்டும் என்றேன். மருமகளை மாமனார் கட்டிலில் ஏற்றுவது எங்கள் ஊரில் எந்தக் கிறுக்கனுக்கும் தோன்றாத காரியம். அதற்குக் கொஞ்சம் படிப்பு வேண்டும்.

கதவுக்குப் பின்னாலிருந்து வளையல் சத்தம் கேட்டது. மாட்டேன் என்று அர்த்தம். அய்யா சிரித்தார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, "நான் போறேன், என்ன இப்போ" என்று சமையல்கட்டுப் பக்கம் நடந்தார். அந்த வீட்டைக் கட்டிய நாளிலிருந்து அவர் அந்தக் கதவைத் தாண்டியது கிடையாது. அவர் உள்ளே நுழைய, மதினி வேறு வழியில்லாமல் வெளியே வந்து சுவரோரம் நின்றாள்.

கட்டிலில் உட்காரவைத்தது நான் இல்லை, ஆத்தா. "உக்காருடி" என்றாள். "இந்த மனுசன் ஒரு நாளாச்சும் அங்கிட்டு நின்னு பாக்கட்டும்."

மதினி கட்டிலின் ஓரத்தில், கயிற்றுக்கு வலிக்குமோ என்கிற மாதிரி உட்கார்ந்தாள். அண்ணன் இல்லாததால் நான் அண்ணனாகி அவள் எதிரில் நின்றேன். அய்யா கதவுக்குப் பின்னாலிருந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். ஆத்தா விடவில்லை. "மருமக பேசக் கூடாது. அவ என்னைக்குப் பேசியிருக்கா? சும்மா நில்லுங்க."

அய்யா பேச்சை நிறுத்தினார். உள்ளே அடுப்பில் பருத்திமார் விறகு அணைந்தும் அணையாமலும் புகைந்துகொண்டிருந்தது. அந்தச் சமையல்கட்டில் ஜன்னல் கிடையாது. முதலில் ஓர் இருமல் கேட்டது. பிறகு ஏதோ சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. வளையலுக்கு எங்கே போவார்? செம்பை எடுத்துத் தரையில் டொக்கென்று வைத்தார்.

மதினி தலையைத் திருப்பவில்லை. ஒரு காலை மெல்ல மடக்கினாள். "யாரு அங்க பாத்திரத்த உருட்டுறது?" என்றாள். குரல் அவளுடையது. மற்றதெல்லாம் அய்யாவுடையது. ஆத்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு மதினி என்னைப் பார்த்தாள். என்னை என்பது சரியில்லை. என் இடத்தில் இருந்திருக்க வேண்டிய ஆளைப் பார்த்தாள்.

"போறதுன்னா போ, அப்பு" என்றாள். "புடிச்சா வைக்க முடியும்? ஆனா ஒண்ணு. காலையில நான் கமல பூட்டுனா, நீ பாத்தியில இருக்க மாட்ட. அப்ப நான் செவலகிட்ட என்னத்தச் சொல்றது? மாடு கேக்குறதுக்கா நான் அம்புட்டும் பேசுறேன்? நீ கேக்கணும்னுதான பேசுறேன்."

வகுப்பில் இந்த இடத்துக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். ஆத்தா சிரிப்பை நிறுத்தியிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் செவலையின் கயிற்றை அவிழ்த்து, திரும்ப அதே முளையில் கட்டிக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து செம்புச் சத்தம்கூட இல்லை.

அய்யா வெளியே வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன. யாரும் கேட்காமலே "புகை" என்றார். மதினி அதற்குள் எழுந்து சுவரோரம் போய்விட்டாள். அவர் கட்டிலில் உட்காராமல் நேரே மாட்டுக்கொட்டத்துக்குப் போனார். செவலையின் இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அண்ணன். அய்யா அதன் திமிலைத் தடவிக்கொடுத்தார்.

"செவலை" என்றார். "உனக்கும் வயசாயிருச்சு. கரண்டுக்காரன் வந்தா வரட்டும்னு சொல்லு."

அண்ணன் கயிற்று முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார். "பொங்கலுக்கு ஒரு அடுப்பு போதும்னு நீயும் சொல்லிரு" என்றார்.

செவலை தலையை ஆட்டியது. ஈயை விரட்டத்தான்.

திரும்பிப் போய் வகுப்பில் நடந்ததை அப்படியே சொன்னேன். அம்மையார் பொறுமையாகக் கேட்டார். மீசைக்கார மருமகள் மட்டும் அடிக்கடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் சரி, ஆனால் கடைசிப் படியை நான் விட்டுவிட்டதாக அம்மையார் சொன்னார். எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, அவரவர் மனசில் என்ன தோன்றியது என்று ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்லச் செய்திருக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்றேன். அப்படியானால் சிகிச்சை பூர்த்தியாகவில்லை என்றார். மாட்டைப் பற்றி என்ன சொல்வதென்று அவருக்கும் தெரியவில்லை. அவர் படித்த ஊரில் அந்த இடத்தில் நாற்காலிதான் போடுவார்கள்.

பூர்த்தியாகாத சிகிச்சையோடு பொங்கல் வந்தது. வாசலில் ஒரு பானைதான் பொங்கியது. காய்ந்து தயாராக இருந்த புது அடுப்பை ஆத்தா கிணற்றடிக்கு மாற்றச் சொன்னாள். அதில் இப்போது குளிக்க வெந்நீர் போடுகிறார்கள். தனிச் சமையல்கட்டு எடுக்க வந்த கொத்தனாரை அய்யா திருப்பி அனுப்பவில்லை. இருக்கிற சமையல்கட்டுச் சுவரை இடித்து ஒரு ஜன்னல் வைக்கச் சொன்னார். காற்று வரட்டும் என்றார். யாருக்காக என்று சொல்லவில்லை. மதினி பழையபடி கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறாள், பழையபடி வளையல்தான் பேசுகிறது. ஒரே வித்தியாசம், ஒரு குலுக்கலுக்கே அய்யா எழுந்துவிடுகிறார்.

கரண்டுக்காரர்கள் வரச்சொன்னதற்காக உடனே வந்துவிடுகிற ஆட்கள் இல்லை. அவர்களுக்காக இன்னொரு பொங்கலும் காத்திருந்தது. ஒருவழியாக மோட்டார் ஓட ஆரம்பித்ததும் கமலையைப் பிரித்து ஓரமாகப் போட்டார்கள். செவலை உழவுக்கு மட்டும் என்று ஆயிற்று. கொட்டத்தில் படுத்து அசைபோடுகிறது. இப்போது அய்யாவும் அண்ணனும் தோட்டத்தில் பக்கம் பக்கமாகத்தான் நிற்கிறார்கள். மோட்டாரிடம் பேசிப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அது தலையாட்டாது.

எனக்கு உத்தியோகம் கிடைத்து, சனிக்கிழமைகளில் ஊருக்குப் போகிறேன். போன வாரம் வாய்க்கால் வரப்பில் இருவருக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் ஒரு கை தூரத்தில்தான் இருந்தார்.

"ஏலே" என்றார் அய்யா, என்னைப் பார்த்து. "கிழக்குப் பாத்தி நெறஞ்சிருச்சு. மோட்டார நிறுத்தச் சொல்லு."

"நிறுத்தத்தான் போறேன்னு சொல்லு தம்பி" என்று அண்ணன் சுவிட்சுப் பெட்டியை நோக்கி நடந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. இரு பக்கமும் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன்.